கூட்டத்தோடு வருவான் என்று நினைத்தோம்

(பள்ளிகள் திறக்கும் வாரத்தில் வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



கோடை விடுமுறை முடிந்துவிட்டது. பள்ளி மணி மீண்டும் ஒலிக்கத் தொடங்கியிருக்கிறது. புதுப் புத்தகத்தின் வாசனை, அட்டை போடும் வேலை, காணாமல் போன ஒற்றைச் செருப்பைத் தேடும் அவசரம் என்று நம் வீடுகள் பரபரப்பாக இருக்கின்றன. இந்த நேரத்தில் லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் வரும் ஒரு குடும்பப் பயணத்தை உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம்.

ஆண்டுதோறும் பாஸ்கா விழாவுக்கு எருசலேம் செல்வது யோசேப்பு, மரியா குடும்பத்தின் வழக்கம். நாம் வேளாங்கண்ணிக்குப் போவதுபோல, உறவினரும் ஊராரும் கூட்டமாகப் போய் வருவார்கள். இயேசுவுக்கு 12 வயதானபோதும் அப்படித்தான் போனார்கள். விழா முடிந்து ஊர் திரும்பும்போது சிறுவன் எருசலேமிலேயே தங்கிவிட்டான். பெற்றோருக்கு அது தெரியவில்லை. கூட்டத்தோடு வருகிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் பயணம் கழிந்த பிறகுதான் தேடினார்கள்; உறவினரிடம் விசாரித்தார்கள்; காணாமல் எருசலேமுக்கே திரும்பினார்கள். மூன்று நாளுக்குப் பின் ஆலயத்தில், போதகர்கள் நடுவே அமர்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்த மகனைக் கண்டார்கள்.

அன்பானவர்களே, இந்தப் பகுதியை எத்தனையோ முறை வாசித்து மறையுரை ஆற்றியிருக்கிறோம். ஆனால் அதன் சுமையை மரக்காணம் கடற்கரைதான் எங்களுக்குப் புரியவைத்தது.

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்கு மரக்காணம் தெரியும். சாலை ஓரத்தில் கண்ணாடித் துண்டுகளைப் பரப்பியதுபோல் உப்புப் பாத்திகள் மின்னும். வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரங்கள் நிற்கும். மே மாதத்தில் விடுமுறைக் கார்கள் அங்கே நிற்பதைப் பார்க்கலாம். பிள்ளைகள் இறங்கி, உப்புக் குவியலின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவார்கள். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அந்தப் படத்தின் பின்புறத்தில், பலகையோடு குனிந்து நிற்கும் ஒரு தாயும் இருப்பார். அவருக்கும் பிள்ளைகள் உண்டு. அவருடைய பிள்ளைகளுக்கும் அதே மாதம்தான் விடுமுறை.

நமக்கு ஓய்வு தரும் கோடை, உப்பளத்துக்கு அறுவடைக் காலம். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புதான் இருக்கிறது. பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் வெயிலில் வற்றிய பிறகே உப்பு பூக்கத் தொடங்கும். ஆகவே வெயில் எவ்வளவு கொடுமையோ அவ்வளவு விளைச்சல். விடியுமுன்னே பாத்தியில் இறங்க வேண்டும். காலில் வெடிப்பு, வெடிப்பில் உப்புத் தண்ணீர், கண்ணில் வெள்ளை வெயிலின் கூச்சம். ஐப்பசி மழை தொடங்கினால் பாத்திகள் மூழ்கிவிடும், வேலை நின்றுவிடும். அந்த மாதங்களுக்காகத் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்குகிறது. அது உதவிதான். ஆனால் மூன்று மாத அடுப்புக்கு அது போதாது. முன்பணம் வாங்குவார்கள். அந்த முன்பணத்தை அடுத்த கோடையில் உழைத்துக் கழிக்க வேண்டும். பெரியவர்களின் இரண்டு கைகள் போதாதபோது, விடுமுறையில் வீட்டில் இருக்கும் பிள்ளையின் கைகள் கண்ணில் படும்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஒரு சிறுவனைத் தவறவிட்டோம். ஒன்பதாம் வகுப்பு முடித்தவன். கோடைகால மறைக்கல்வி முகாமில் முதல் வரிசையில் அமர்ந்து கேள்வி கேட்டவன். ஜூனில் பள்ளி திறந்தது. ஞாயிறு திருப்பலிக்கு அவன் வந்துகொண்டுதான் இருந்தான். பள்ளிக்கும் போகிறான் என்று நினைத்துக்கொண்டோம். ஆகஸ்டு மாதம், மாதா விண்ணேற்பு விழாவுக்குச் சிறுவர்களைத் தயாரிக்கும்போது, "பத்தாம் வகுப்புப் பாடம் எப்படிப் போகிறது?" என்று கேட்டோம். தலை குனிந்தான். அவன் கைகளைப் பார்த்தோம். அதற்கு மேல் கேட்கத் தேவையில்லை. பள்ளிக்குப் போய்ப் பேசினோம், வீட்டிற்குப் போய்ப் பேசினோம். காலம் கடந்துவிட்டது. "இனிமே அந்தப் பசங்களோட உக்கார முடியாது சாமி" என்றான். அவன் திரும்பவில்லை.

யோசேப்பும் மரியாவும் ஒரு நாளில் திரும்பிப் பார்த்தார்கள். நாங்கள் திரும்பிப் பார்க்க இரண்டு மாதம் ஆயிற்று. கூட்டத்தோடு வருவான் என்று நினைப்பது எவ்வளவு எளிது! 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைக் காக்கிறது. அந்தச் சட்டத்தின் காவல் முடிகிற வயதில்தான் பிள்ளையின் தோள் சுமை தூக்கும் அளவுக்கு வளர்கிறது. சட்டம் நிற்கும் இடத்தில் நாம் தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கவில்லை. இதை உங்கள் முன் ஒப்புக்கொள்கிறோம்.

கடந்த கோடையில் ஆண்டவர் எங்களுக்கு மற்றொரு பாடம் கற்பித்தார். உப்பளத்தில் கூலிக்குப் போகும் ஒரு தாய், மே மாத ஞாயிறு ஒன்றில் திருப்பலிக்கு வரவில்லை. பிள்ளைகள் இருவரும் வரவில்லை. அடுத்த ஞாயிறு கோவில் வாசலில் அவரை நிறுத்தி, "போன வாரம் எங்கேம்மா போனீங்க?" என்று சற்றுக் கடுமையாகவே கேட்டோம்.

"கடலுக்குப் போனோம் சாமி" என்றார்.

"கடல் எங்கே ஓடிப்போகிறது? தினமும் இங்கேதானே இருக்கிறது?" என்றோம்.

அவர் கோபப்படவில்லை. மெதுவாகச் சொன்னார்: "கடல் தினமும் இருக்குது சாமி. நாங்கதான் இல்ல. பெரியவனுக்குப் பதினாறு ஆகுது. ஒரு நாளாச்சும் புள்ளைங்களோட சும்மா உக்காரணும்னு தோணுச்சு. எலுமிச்சம் சாதம் கட்டிக்கினு போனோம். சின்னவ அலையப் பாத்து ஓடறா, அண்ணன் கையப் புடிச்சி இழுத்துக்கினு போறான். நானும் கால நனைச்சேன். பொழுதுக்கும் உப்புத் தண்ணியிலதான் நிக்கறேன். உப்புத் தண்ணியில நின்னுக்கினு சிரிச்சது அன்னிக்கிதான்."

நாங்கள் பேச்சற்று நின்றோம்.

திருப்பலியைத் தவறவிடலாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஓய்வுநாள் எதற்காகத் தரப்பட்டது என்பதை அந்தத் தாய் எங்களுக்கு நினைவூட்டினார். இணைச்சட்ட நூல் ஓய்வுநாள் கட்டளையைத் தரும்போது வீட்டுத் தலைவனுக்கு மட்டும் ஓய்வு தரவில்லை. மகனுக்கும் மகளுக்கும், பணியாளனுக்கும் பணிப்பெண்ணுக்கும், மாட்டுக்கும் கழுதைக்கும்கூட ஓய்வு வேண்டும் என்கிறது. காரணமும் சொல்கிறது: எகிப்தில் நீங்கள் அடிமைகளாய் இருந்தீர்கள், அதை மறக்காதீர்கள். அடிமைக்கு விடுமுறை கிடையாது. ஆகவே பிள்ளையை அழைத்துக்கொண்டு ஒரு நாள் கடலோரம் சும்மா உட்காரும் தாய், நீ அடிமையின் பிள்ளை அல்ல, கடவுளின் பிள்ளை என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லித் தருகிறார். திருப்பலியில் நாங்கள் சொல்வதும் அதுதானே! அந்த வாரமே, கோடை முடியும்வரை சனிக்கிழமை மாலையிலும் ஞாயிறு திருப்பலி நிறைவேற்றுவது என்று பங்குப்பேரவையில் முடிவெடுத்தோம். பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்திருக்க வேண்டிய முடிவு அது.

நகரத்துப் பெற்றோரே, உங்களுக்கும் இங்கே ஒரு செய்தி உண்டு. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், பிள்ளைகளோடு விளையாடி நேரத்தை 'வீணாக்குகிறீர்களா' என்று பெற்றோரிடம் அடிக்கடி கேட்பார். காரில் கடற்கரைக்குப் போய், அங்கேயும் ஆளுக்கொரு கைப்பேசியோடு அமர்ந்து திரும்பியிருந்தால், நாம் கடலைப் பார்த்தோம், பிள்ளையைப் பார்க்கவில்லை. உப்பளத்துத் தாய் ஒரே நாளில் கொடுத்ததை நாம் பத்து நாளிலும் கொடுக்கத் தவறியிருக்கலாம்.

அந்தத் தாயின் கதை அதோடு முடியவில்லை. மூத்தவன் பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றிருந்தான். பள்ளி திறக்கும் நேரத்தில் வேலைக்கு ஆள் பிடிப்பவர் வீட்டுக்கு வந்தார். மழை தொடங்கும்வரை பையனை அனுப்பினால் வாங்கிய முன்பணம் கழிந்துவிடும் என்றார். பையனே, "நான் போறேம்மா, அப்புறம் படிச்சிக்கறேன்" என்று சொல்லிவிட்டான். நல்ல பிள்ளைகள்தான் இப்படிச் சொல்வார்கள், அதுதான் வேதனை.

அந்தத் தாய் எங்களிடம் வந்து யோசனை கேட்கவில்லை. முடிவெடுத்துவிட்டுத்தான் வந்தார். "உப்பு கூடறதுக்கு முன்னாடி பாத்தியில பலகைய வெச்சா சேறுதான் சாமி வரும். அவன் இன்னும் ஆகல. ஸ்கூலுக்குத்தான் போவணும்" என்றார். எங்கள் குருமடத்தில் படித்த எந்த நூலிலும் கல்வியைப் பற்றி இதைவிடத் தெளிவாகச் சொல்லப்பட்டதாக நினைவில்லை.

1891-இல் திருத்தந்தை 13-ஆம் லியோ 'ரேரும் நொவாரும்' என்னும் சுற்றுமடலை எழுதினார். உடலும் உள்ளமும் முதிருமுன் சிறாரை வேலைக்கு அனுப்புவது, இளந்தளிரைக் கருக்குவது போன்றது என்ற கருத்தை அதில் எடுத்துரைத்தார். 2025-இல் பொறுப்பேற்ற திருத்தந்தை, லியோ என்ற பெயரைத் தாம் தேர்ந்துகொண்டதற்கு அந்தச் சுற்றுமடலை முக்கியக் காரணமாகக் குறிப்பிட்டார். திருஅவையின் பெரிய ஏடுகள் பேசுவதை அந்தத் தாய் பாத்தியில் நின்றே கற்றிருந்தார்.

ஆனால் அவருடைய முடிவுக்கு ஒரு விலை உண்டு. பாடநூலை அரசு இலவசமாகத் தருகிறது. பதினோராம் வகுப்பில் சைக்கிள் தருகிறது. இன்று தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் கிடைக்கிறது. இவையெல்லாம் நன்றிக்குரியவை. ஆனால் பிள்ளை பள்ளிக்குப் போவதால் வீட்டில் குறைகிற ஒரு கூலியை யார் கொடுப்பது? அங்கேதான், அன்பானவர்களே, பங்குச் சமூகம் வர வேண்டும். அந்தக் குடும்பத்தின் அன்பியத்தில் ஏழெட்டு வீட்டார் ஒன்றுகூடி, முன்பணத்தை அடைக்க வட்டியில்லாமல் கைமாற்றாகக் கொடுத்தார்கள். கொடுத்தவர்களும் மாளிகைவாசிகள் அல்ல. மீன்பிடித் தடைக்காலமான 61 நாள்களை அப்போதுதான் கடந்துகொண்டிருந்த கடலோரக் குடும்பங்களும் அவர்களில் உண்டு. அந்தத் தாய் மாதந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்து வருகிறார். தானமாக வேண்டாம் என்பதில் உறுதியாக இருக்கிறார். பையன் இப்போது பன்னிரண்டாம் வகுப்புக்குச் செல்கிறான்.

ஜூன் 12, குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிரான உலக நாள். அதை மேடை போட்டுக் கொண்டாட வேண்டாம். ஒன்று மட்டும் செய்வோம். ஒவ்வோர் அன்பியமும் இந்த வாரம் தன் பிள்ளைகளை எண்ணிப் பார்க்கட்டும். சென்ற ஆண்டு படித்தவர்கள் எத்தனை பேர், இந்த ஆண்டு வகுப்பில் அமர்ந்திருப்பவர்கள் எத்தனை பேர்? ஒரு பெயர் குறைந்தாலும் அன்றே அந்த வீட்டுக்குப் போங்கள். கடிந்துகொள்ளப் போகாதீர்கள். எவ்வளவு கடன் என்று கேட்கப் போங்கள். உப்பளம் இல்லாத ஊர்களில் செங்கல் சூளை இருக்கும், பட்டறை இருக்கும், கடை இருக்கும். எங்கும் கேள்வி ஒன்றுதான்.

கூட்டத்தோடு வருவான் என்று நினைத்தது மரியாவும் யோசேப்பும் செய்த பிழை என்றால், அவர்கள் பிழை அதோடு நின்றது. தெரிந்தவுடன் வந்த வழியே திரும்பி நடந்தார்கள். நாமும் திரும்பி நடப்போம்.

செபிப்போமாக: நாசரேத்தூர் திருக்குடும்பத்தில் வளர்ந்த ஆண்டவரே, எங்கள் பிள்ளைகளுக்கு ஓய்வையும் கல்வியையும் தாரும். வெயிலில் நின்று எங்கள் உணவுக்குச் சுவை சேர்க்கும் கைகளை ஆசீர்வதியும். எங்கள் நடுவே ஒரு பிள்ளை குறைந்தால், அந்த நாளே எங்கள் கண்ணுக்குத் தெரியச் செய்தருளும். ஆமென்.