தலையெழுத்தல்ல, பழுது!

(மும்பையில் ஓட்டுநர் குடும்பங்களின் கூட்டத்தில் பேசியது)



பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்துப் போட்ட மின்சார டாக்சி ஓட்டும் தம்பிமார் பலர் இங்கே வந்திருக்கிறார்கள். தாராவியில் நமக்கு வண்டி நிறுத்தவே இடமில்லை. வீட்டில் சார்ஜ் போடுவது எங்கே? பொது நிலையத்தைத்தான் நம்பியிருக்கிறோம். அங்கே மெஷின் மக்கர் செய்தால் இரண்டு மணி நேரம் போகிறது, சவாரி போகிறது. வண்டி வாடகை மட்டும் குறைவதில்லை!

'நம் தலையெழுத்து' என்று திரும்பி வந்துவிடுகிறோம். தலையெழுத்தல்ல, பழுது! எங்கே பழுது என்று முதலில் பார்ப்போம்.

வேகமாக ஏற்றும் மெஷினில் இன்றைய கார்களுக்குப் பெரும்பாலும் சி.சி.எஸ். 2 பிளக்தான். வேறு பிளக் உள்ள நிலையத்துக்குப் போய்ப் பயனில்லை. புறப்படும் முன்பே போனில் பாருங்கள். வண்டியை அணைத்தீர்களா? பிளக் முழுதும் உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டதா? சிவப்பு அவசரப் பொத்தானை யாராவது அமுக்கிவைத்திருந்தால், காவலாளியிடம் சொல்லி விடுவிக்கச் செய்யுங்கள். அதன்பின் பிளக்கைக் கழற்றி, ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி செருகுங்கள்.

80 சதவீதத்துக்கு மேல் வேகம் குறைவது பழுதல்ல, பாட்டரியைக் காக்கும் ஏற்பாடு. பிளக் வெளியே வராவிட்டால் இழுக்காதீர்கள். சார்ஜை நிறுத்தி வண்டிப் பூட்டைத் திறந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். ஒயர் உரிந்திருந்தால், திரையில் எர்த் கோளாறு என்று காட்டினால், கை வைக்கவே வேண்டாம். அது எலக்ட்ரீஷியன் வேலை.

அதே வண்டி பக்கத்து மெஷினில் ஏறினால் பழுது மெஷினில். இரண்டு மூன்று நிலையங்களிலும் ஏறாவிட்டால் வண்டியைத்தான் காட்ட வேண்டும்.

எங்கள் ரயில்வேயில் சிக்னல் பழுதானால் பதிவேட்டில் நேரத்தோடு எழுதுவார்கள். எழுதினால்தான் அது பழுது. எழுதாவிட்டால் வெறும் பேச்சு. நாமும் ஒரு நோட்டுப் போடுவோம்: தேதி, நேரம், இடம், மெஷின் எண், திரையில் வந்த பிழை எண், பிடித்த பணம். திரையைப் படமும் எடுத்துக்கொள்வோம்.

சார்ஜ் போட்டுத் தருவது ஒரு சேவை என்று 2018இல் மத்திய மின்துறை அமைச்சகமே விளக்கம் தந்தது. காசை வாங்கிக்கொண்டு சேவை தராமலிருக்க எவருக்கு உரிமை? நிலையத்தாரிடம் புகார் எண் கேட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம்.

தனி ஆள் புகார் குப்பைக்கூடைக்குப் போகும். ஐம்பது நோட்டுகள் சேர்ந்தால் அதிகாரியின் மேசைக்குப் போகும். ஞாயிறுதோறும் நோட்டுகளைச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். மராத்தி படிக்கும் நம் பிள்ளைகள் மனுவை எழுதட்டும். எல்லோரும் சேர்ந்தே போய்க் கொடுப்போம்!