ஆடவில்லை, காரணம்: வயது

(நம் கூடைப்பந்து மைதானத்தில் மூத்தோர் ஆட்டம் தொடங்கிய ஞாயிறன்று பேசியது)



கல்லூரி அணியில் ஆடியவன் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள். இப்போது எனக்கு வயது 58. போன மாதம் பி பிளாக் பையன்களோடு ஆடப்போய், ஒரு குதி குதித்துவிட்டுக் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். உங்களில் பாதிப் பேர் பால்கனியிலிருந்து பார்த்தீர்கள்!

அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளில், சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்கு ஆடியவர் டிம் டங்கன். 2012 மார்ச்சில் ஓர் ஆட்டத்தில் அவர் களமிறங்கவில்லை. ஆட்டக் குறிப்பில் அதற்குக் காரணமாக ஒரே ஒரு சொல்தான் இருந்தது: 'முதுமை'. அவருக்கு ஓய்வு கொடுத்தவர் பயிற்சியாளர் கிரெக் போபோவிச். அப்போது டங்கனுக்கு 35 வயது. 35-க்கே முதுமை என்றால், நம்மை என்னவென்று எழுதுவது?

கேலியாக எழுதியதுதான் என்றாலும் அதில் உண்மை இருக்கிறது. வயது ஏறும்போது வேகமாக இயங்கும் தசை இழைகள் முதலில் மெலிகின்றன. தாவும் உயரமும் ஓடும் வேகமும் குறைகின்றன. நேற்றைய அலுப்பு இன்று தீர்வதில்லை. ஆனால் குறி பார்த்துப் போடும் கை சீக்கிரம் போய்விடாது. ஆட்டத்தைப் படிக்கும் கண்ணும் அப்படித்தான்.

லேக்கர்ஸ் அணியின் கோபி பிரையன்ட் 34 வயதில், 2013 ஏப்ரலில், ஆட்டத்துக்கு ஆட்டம் 40 நிமிடத்துக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தார். அந்த மாதமே குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாண் அறுந்தது. அந்த வலியோடும் இரண்டு ஃப்ரீ த்ரோக்களைப் போட்டுவிட்டுத்தான் வெளியேறினார். அதிக ஆட்டம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதன்பின் பழைய கோபி முழுமையாகத் திரும்பவே இல்லை.

டங்கன் வேறு வழியில் போனார். முழங்காலுக்குச் சுமை குறையட்டும் என்று உடல் எடையைக் குறைத்தார். இளமையில் 48 நிமிட ஆட்டத்தில் 40 நிமிடம் ஆடியவர், 2013-14-இல் சராசரியாக 29 நிமிடமே ஆடினார். அந்த அணியில் ஒருவரும் சராசரி 30 நிமிடத்தைத் தொடவில்லை. 2014 ஜூனில் மயாமி ஹீட்டை 4-1 என்று வென்று கோப்பையை எடுத்தார்கள். முதல் கோப்பை வென்று 15 ஆண்டுகள் கழித்து, 38 வயதில், டங்கனுக்கு அது ஐந்தாவது கோப்பை. 40 வயது வரை ஆடினார்.

ஆகவே நம் ஆட்டத்துக்கு மூன்று விதிகள். ஆடுமுன் பத்து நிமிடம் உடலைச் சூடாக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்ற வேண்டும். நெஞ்சிலோ காலிலோ வலி என்றால் அன்றைக்கு ஆட்டம் போதும். இதய நோய், சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

ஓரமாக உட்காருவது தோல்வி என்று நினைக்காதீர்கள். அடுத்த ஞாயிறும் வருவதற்கான வழி அதுதான். பெஞ்சு இரண்டு போட்டிருக்கிறோம். இன்று முதலில் உட்காரப்போவது நான்தான்.