கண்ணுக்குத் தோன்றாக் கடற்பகை
(செஞ்சியில் ஆற்றப்பெற்ற பொழிவு)

 

கோட்டையூராகிய செஞ்சிக்குக் கடலைப்பற்றிய பேச்சு எதற்கு என்று எவரும் எண்ணற்க. செஞ்சி மலைகளில் வீழும் மழைநீர் சங்கராபரணி ஆறாய் ஓடிப் புதுவைக்குத் தெற்கே வங்கக் கடலிற் கலக்கின்றது. ஆற்றின் நன்னீரும் கடலின் உவர்நீரும் கூடும் கழிமுகமே, கக்கல்கழிச்சல் என்னும் காலரா நோயை விளைக்கும் நுண்ணுயிரிக்கு இயல்பான உறைவிடம்.

அதனை எங்ஙனம் கண்டறிகின்றனர்? ஒரு குடம் நீரில் அது மிகச் சிலவாகவே இருக்கலாம். ஆதலின் முதற்கண் அதனைப் பெருக்குவர். நீரைக் காரத்தன்மையுடைய ஊட்டச்சாற்றில் இட்டு, உடற்சூட்டளவில் 6 முதல் 8 மணிநேரம் வைப்பர். பிற உயிரிகள் காரத்தில் தளரும். இதுவோ தழைத்து மேற்பரப்பிற்கு ஏறும். அம் மேற்படலத்தை எடுத்து, பித்தவுப்பும் கரும்பினிப்பும் நிறங்காட்டியும் கலந்த கூழ்த்தட்டிற் கீற்றுவர். மறுநாள், இனிப்பைப் புளிக்கச் செய்த காலரா உயிரி மஞ்சட் புள்ளிகளாய் நிற்கும். மீன், இறால் வழியே வயிற்றுநோய் தருவதும், 1950இல் ஒசாகாவில் முதன்முதற் கண்டறியப்பெற்றதுமாகிய அதன் இனத்து உயிரி பச்சைப் புள்ளிகளாய் நிற்கும். மஞ்சளெல்லாம் காலரா ஆகா; ஆகவே எதிர்ப்பு ஊனீர் கொண்டு மீண்டும் தேர்வர்.

அக் கூழ் யாது? கடற்பாசிக் கூழே! 1881இல் தம் அடுக்களைப் பொருளாகிய அதனை ஆய்வுக்கு ஈந்தவர் பேனி எசே என்னும் அம்மையார். இராமநாதபுரக் கடலில் நம் பெண்டிர் மூழ்கிப் பறிக்கும் பாசியிலிருந்தும் அக் கூழ் எடுக்கப்பெறுகின்றது. தன் கையிலிருப்பது அறிவியற் கருவி என்பதை அவளுக்கு அவள்மொழியிற் சொன்னவர் எவர்?

1992இல் சென்னையிற் கக்கல்கழிச்சல் தோன்றியபோது, நோயாளரிடமிருந்து வளர்த்தெடுத்த உயிரி, காலராவுக்குரிய ஓ 1 ஊனீரில் திரளவில்லை. ‘இது காலரா அன்று’ எனத் தள்ளாமல் ஆய்ந்தமையாலன்றோ ஓ 139 என்னும் புதுவகை வெளிப்பட்டது! அது வங்கக் கடலோரமாகப் பரவி, 1993இல் வங்கநாட்டையும் வாட்டியது.

காப்பும் எளிதே. இவ்வுயிரி கடலிலும் கழியிலும் மிதக்கும் நுண்ணிய ஓட்டுயிரிகளைப் பற்றி வாழ்கின்றது. பழஞ்சேலையைப் பன்முறை மடித்து நீரை வடிகட்டிய வங்கநாட்டுச் சிற்றூர்களில் காலரா ஏறத்தாழப் பாதியாய்க் குறைந்ததென 2003இல் உரீத்தா கோல்வெல் குழுவினர் வெளியிட்டனர். கொதிக்கவைத்தல் அதனினும் சிறந்தது.

தோழர்களே! தட்டில் தோன்றும் மஞ்சட் புள்ளி ஓர் எச்சரிக்கை. எச்சரிக்கை, இடருறுவோன் அறிந்த மொழியில் இருந்தாலன்றிப் பயனில்லை. ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வு முடிவு அலுவலகத்திற் கிடக்க, நீரைக் குடிப்பவள் குடித்துக்கொண்டேயிருப்பாள். ஆகவே ஒவ்வோர் ஊர்க் குடிநீரின் ஆய்வு முடிவும் அவ்வூர்ப் பலகையில் நல்ல தமிழில் எழுதப்பெறல் வேண்டும். நுண்ணுயிரியலைத் தமிழிற் கற்பித்தல் வேண்டும். மொழிகாத்தல் உயிர்காத்தலே.

வெல்க தமிழ்!