ஒரே விண்ணப்பம், பல கல்லூரிகள்
(மகாவீரர் ஜெயந்தி விழாவில் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

தேர்வு முடிவுகள் வந்தவுடன் வீடுகள்தோறும் எழும் பேச்சு பொறியியல் கலந்தாய்வைப் பற்றியதாகும். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த நானூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கு ஒரே விண்ணப்பம் போதும் என்பது இம்முறையின் பெருஞ்சிறப்பு. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200 மதிப்பெண்ணுக்குக் கணக்கிட்டுத் தரவரிசை வகுக்கப்படுகிறது.

2018ஆம் ஆண்டுக்கு முன்னர் மாணவர் கிண்டி வளாகத்துக்கு நேரில் செல்ல வேண்டியிருந்தது. வந்தவாசி, திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து விடியுமுன் பேருந்தேறிச் சென்றோர் பலர். திரையில் எஞ்சியுள்ள இடங்களைக் கண்டு, சில நிமிடங்களில் ஒன்றைத் தெரிவு செய்து திரும்புவர். ஆற அமரச் சிந்தித்துத் திருத்த நேரமில்லை. ஆயினும் எந்த இடம் காலியாக உள்ளது என்பது கண்ணெதிரே தெரிந்தது. இன்று திருத்த நேரம் உண்டு, காலியிடம்தான் தெரிவதில்லை. முன்வரிசையில் உள்ளோர் எதை எடுப்பர் என்றறியாமலே விருப்பப் பட்டியலை அமைக்க வேண்டியுள்ளது. இணையவழிக் கலந்தாய்வில் நேரும் இழப்புகள் பலவற்றுக்கு வேர் இதுவே.

விண்ணப்பம் வேறு, விருப்பப் பட்டியல் வேறு. விண்ணப்பத்தில் உள்ளவை பிறந்த நாள், மதிப்பெண், சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று போன்ற விவரங்கள். ஒரு சான்றில் பெயருக்குப் பின் 'ஜெயின்' என்றும், மற்றொன்றில் 'நயினார்' என்றும், பள்ளிச் சான்றில் இரண்டுமின்றியும் இருந்தால், அதை இப்போதே சரிசெய்வது நன்று. சான்று சரிபார்ப்பு நாளில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஓடுவதால் பயனில்லை. தரவரிசை வெளியானபின் குறை இருப்பின் முறையிடச் சில நாள் தருவார்கள். அதைக் கடந்தால் வழியில்லை.

விருப்பப் பட்டியலோ, பூட்டும் வரையில் எத்தனை முறையும் திருத்தத்தக்கது. இங்கேதான் அச்சம் புகுகிறது. ஒரு மாணவி கோவைக் கல்லூரியொன்றில் மின்னணுவியல் பயில விரும்புகிறாள் எனக் கொள்வோம். "அது கிடைக்காவிட்டால் என்ன செய்வது? இது கட்டாயம் கிடைக்கும்" என்று பெற்றோர் ஊரருகே உள்ள கல்லூரியை முதலில் வைக்கின்றனர். கணினி முதல் வரியைப் பார்க்கிறது, இடம் இருக்கிறது, வழங்கிவிடுகிறது. இரண்டாம் வரியில் இருந்த கோவை இடம் அவள் தரவரிசைக்குக் கிடைக்கக்கூடியதாகவே இருந்தாலும், கணினி அதை எட்டிப் பார்ப்பதில்லை. கோவையை முதலில் வைத்து அது கிடைக்காமற் போயிருந்தாலோ, இரண்டாம் வரிக்கு இறங்கி ஊரருகுக் கல்லூரியையே அளித்திருக்கும். ஆசைப்பட்டதை மேலே எழுதுவதால் கீழே உள்ளது பறிபோவதில்லை.

மேல்நோக்கி நகரும் வாய்ப்பைக் கோருவோர்க்கும் பட்டியலில் தம் இடத்துக்கு மேலுள்ள வரிகள் மட்டுமே கணக்கில் வரும். மேல்வரி கிடைத்துவிட்டால் முன்பு பெற்ற இடம் பிறர்க்குப் போய்விடும். ஆகவே, புகழ்பெற்ற கல்லூரி என்பதற்காக, பயில மனமில்லாத பாடப்பிரிவை உச்சியில் வைப்பதும் ஆபத்தே.

ஒரே பெயரை ஒத்த கல்லூரிகள் பல உள்ளமையால், பெயரை விடக் கல்லூரி எண்ணையும் பாடப்பிரிவுக் குறியீட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே பாதுகாப்பு. அந்தியில் பிரதிக்கிரமணம் செய்து அன்றைய செயல்களைத் திரும்பிப் பார்க்கும் இல்லங்களுக்கு, இரவில் பட்டியலை ஒருமுறை புரட்டுவது பாரமாகாது. அப்போது விசைப்பலகையருகே மாணவரே அமர்வது நலம். நான்காண்டு வகுப்பில் அமரப் போகிறவர் அவரே.

இன்னுமொன்று. ஊர்க் கணினி மையத்தில் விண்ணப்பிப்போர் சிலர், அம்மைய உரிமையாளரின் கைப்பேசி எண்ணையே பதிந்துவிடுகின்றனர். ஒதுக்கீடு வந்தபின் அதை உறுதிசெய்யத் தரப்படும் காலம் மிகக் குறுகியது. செய்தியும் கடவு எண்ணும் அந்த எண்ணுக்கே செல்லும். வீட்டில் எப்போதும் எடுக்கப்படும் எண்ணையே தாருங்கள்.