பிடிவாதம்தானா?

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கும். 1959-லேயே தெரியவந்த விஷயம். மூளையில் படியும் அமிலாய்டு புரதத்துக்கு மூலமான மரபணுவும் அதே குரோமோசோமில்தான் இருக்கிறது. அதனால் 40 வயதுக்குள் இவர்களில் ஏறக்குறைய எல்லோர் மூளையிலும் அல்சைமர் என்னும் மறதி நோயின் படிவுகள் சேர்ந்துவிடுகின்றன.

இவர்களுக்கு அந்த நோயில் மறதிதான் முதலில் வரும் என்றில்லை. தினமும் தானே சட்டைப் பொத்தான் போட்டவர் பாதியில் நின்றுவிடுவார். படி இறங்கத் தயங்குவார், திடீரென்று கோபப்படுவார். “பிடிவாதம் கூடிப்போச்சு” என்று வீட்டில் சொல்லிவிடுகிறோம், பாவம்!

அதற்காக எல்லாப் பழியையும் அல்சைமர்மேல் போட்டுவிடவும் கூடாது. தைராய்டு குறைவு, காது மந்தம், கண்புரை, மனச்சோர்வு என எதுவும் இதே அறிகுறிகளைக் காட்டலாம். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர் 35 வயதில் சாப்பிடுவதை, உடுத்துவதை, பேசுவதை செல்போனில் படம் பிடித்து வையுங்கள். பின்னாளில் மாற்றம் தெரிந்து, முன்பு எப்படி இருந்தார் என்று மருத்துவர் கேட்கும்போது காட்டலாம்.