நோயாளிக்கு விளங்கும் சொல்



மருத்துவத்தைத் தமிழில் சொல்ல இயலுமா என்று இன்றும் வினவுவோர் உளர். அவ்வினாவிற்கு யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்கர் ஒருவர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன்னரே விடையிறுத்துவிட்டார். 1847-இல் ஆங்கு வந்த மருத்துவர் சாமுவேல் பிசுக் கிறீன், முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலம் கற்றோர் சிற்றூர்களில் தங்காமை கண்டு, 1864 முதல் தமிழில் வகுப்பு நடத்தினார். 1867-இல் ‘இரண வைத்தியம்’, 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, 1875-இல் ‘கெமிஸ்தம்’ எனப் பெருநூல்கள் வெளிவந்தன.

பெயர்களைக் கேட்டதும் நம்மவர் முகஞ்சுளிப்பர். சுளிக்கலாம், வடசொல் மிகுதிதான். ஆயினும் அக்காலத்துக் கற்றோர் எழுதிய நடை அது. அயலவர் ஒருவர் எலும்பையும் நரம்பையும் தமிழிற் காட்டிச் சென்ற பின்னும், நம் மருத்துவக் கல்லூரிகளில் ஆங்கிலமே கோலோச்சுகின்றது.

கல்லூரி நிற்க. வயிற்றுப்போக்கால் துவண்ட குழந்தையுடன் மருத்துவமனைத் திண்ணையில் ஒரு தாய் அமர்ந்திருக்கின்றாள். ‘டீஹைட்ரேஷன்’ என்னும் ஓசை அவள் செவியில் விழுகின்றது, பொருள் விழவில்லை. “பிள்ளை உடம்பில் நீர் வற்றிவிட்டதம்மா. உப்புக் கரைசல் பொட்டலம் கிடைக்காவிடில், கொதித்து ஆறிய ஓர் இலிட்டர் நீரில், தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சருக்கரையும் அரைக் கரண்டி உப்பும் கரைத்துச் சிறுகச் சிறுகப் புகட்டுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண் குழிந்தாலோ, குடிக்க மறுத்தாலோ உடனே தூக்கி வாருங்கள்” என்று சொன்னால் அவளே பிள்ளையைக் காப்பாள். உப்பு மிகுந்தால் கரைசலே கேடாய் முடியும். ஒரு சொல் விளங்காமையால் விளையும் கேடு அத்துணைப் பெரிது.

சொல்லுக்கா பஞ்சம்? கக்குவான், தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, எலும்புருக்கி, கண்புரை, நீரிழிவு! கக்கும்வரை இருமுவது கக்குவான். உடலை உருக்குவது எலும்புருக்கி. குறியையே பெயராக்கிய மக்கள் எந்தக் கல்லூரியிலும் பயின்றவரல்லர். நோயாளியின் அருகிருந்து பேணுபவரை வள்ளுவர் ‘உழைச்செல்வான்’ என்றார், அச்சொல் வழக்கிழந்தது. வளர்ப்புத்தாயைக் குறித்த ‘செவிலி’ என்னும் பழஞ்சொல்லோ மருத்துவமனைகளில் புத்துயிர் பெற்று உலவுகின்றது.

புதுச்சொல் ஆக்கும் அன்பர்கள் இதனை மறத்தலாகாது. காய்ச்சல் என மக்கள் சொல்லும்போது ‘ஜுரம்’ வேண்டா. ‘வெப்புநோய்’ என்று தேடி எழுதவும் வேண்டா.

இனி ஊர்தோறும் அன்பர்கள் செய்யத்தக்க ஒரு பணி உண்டு. மருந்து வாங்குங்கால், உறைமேல் காலை, நண்பகல், இரவு, உணவுக்கு முன், உணவுக்குப் பின் என்று தமிழில் எழுதித் தருமாறு கேளுங்கள். எழுதித் தரும்வரை கடையை விட்டு நகராதீர்கள்.