நாளாகக் கணக்கில் வராத நாட்கள்



அதிபர் ஆட்சிமுறையில் பதவிநீக்கமும் சட்டமன்றக் கண்காணிப்பும் என்ற நம் மாநாட்டுப் பொருளுக்குப் பனியன் ஊரான திருப்பூரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. 2025 ஆகஸ்ட் 27இல் இந்தியச் சரக்கு மீதான அமெரிக்கக் கூடுதல் வரி 50 சதவீதமானது. பையர்கள் இங்கே தந்த ஆர்டரை நிறுத்திவைத்தார்கள். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு ஷிப்ட் குறைந்தது. ஆனால் அந்நாட்டு அரசமைப்பு வரி விதிக்கும் அதிகாரத்தைக் காங்கிரசுக்கே தந்திருக்கிறது. வரி விதிக்க அதிபர் கையிலெடுத்தது 1977ஆம் ஆண்டின் நெருக்கடிகாலப் பொருளாதாரச் சட்டத்தை.

அந்தச் சட்டத்தைப் பயன்படுத்த அதிபர் வெளியிட வேண்டிய நெருக்கடி அறிவிப்பை ரத்துசெய்ய 1976ஆம் ஆண்டுச் சட்டம் இரு அவைகளுக்கும் வழி வைத்திருந்தது. அதிபரின் ஒப்புதல் வேண்டியதில்லை. 1983இல் ‘சாதா’ (Chadha) என்பவரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அந்த வழியை அடைத்தது. இன்று, தம் அறிவிப்பை ரத்துசெய்யும் தீர்மானத்தில் அதிபரே கையெழுத்திட வேண்டும்; மறுத்தால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். கண்காணிப்பின் முதுகெலும்பு அங்கேதான் முறிந்தது என்பேன்.

மிஞ்சியது ஒரு கெடு. தீர்மானம் வந்தால் 15 நாட்களுக்குள் குழு அறிக்கை தர வேண்டும். கனடா, மெக்சிகோ வரிகளுக்கு அடிப்படையான நெருக்கடி அறிவிப்பை ரத்துசெய்யும் தீர்மானம் விவாதத்துக்கு வந்துவிடாதிருக்க, 2025 மார்ச்சில் பிரதிநிதிகள் அவை ஒரு விதியை நிறைவேற்றியது: கூட்டத்தொடர் முடியும்வரை எந்த நாளும் இந்தக் கெடுவுக்கு நாளாகக் கணக்கில் வராது! அதிகாரத்தை யாரும் பிடுங்கவில்லை; அவையே தன் கையைக் கட்டிக்கொண்டது. ஆய்வு மாணவர்கள் அந்த விதியை வரிவரியாகப் படிக்க வேண்டும்.

பதவிநீக்கம் பெருஞ்செய்தியாகிறது. ஆனால் 1868இல் ஆண்ட்ரூ ஜான்சன் ஒரே வாக்கில் தப்பியது முதல் இன்றுவரை எந்த அமெரிக்க அதிபரையும் செனட் நீக்கியதில்லை. அண்டை இலங்கையில் 1991 ஆகஸ்டில் அதிபர் பிரேமதாசா மீது பதவிநீக்கத் தீர்மானம் வந்தது. அவர் நாடாளுமன்றக் கூட்டத்தொடரையே முடித்துவைத்தார். செல்லத்தக்க கையொப்பங்கள் போதவில்லையென்று அக்டோபரில் சபாநாயகர் எம்.எச். முகமது தீர்மானத்தை நிராகரித்தார்.

தென்கொரியாவில் கதை வேறு. 2024 டிசம்பர் 3 இரவு அதிபர் யூன் ராணுவச் சட்டத்தை அறிவித்ததும் உறுப்பினர்கள் மதிலேறிக் குதித்து நாடாளுமன்றத்துக்குள் போனார்கள். 190 பேர் கூடி அதை நீக்க வாக்களித்தார்கள். யூனைப் பதவியிறக்கும் தீர்மானம் நிறைவேறியது அதற்குப் பிறகுதான், டிசம்பர் 14இல். அன்றாட அதிகாரத்தை விட்டுக்கொடுக்காத அவைக்கே கடைசி ஆயுதமும் கைகொடுத்தது.

வாஷிங்டனைக் குறைசொல்லும் நாம் டெல்லியையும் பார்க்க வேண்டும். 2025 ஜூலை 24இல் பிரிட்டனுடன் நாம் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தம் திருப்பூர் பெரிதும் எதிர்பார்த்தது. ஆனால் இத்தகைய ஒப்பந்தங்களுக்கு நாடாளுமன்ற ஒப்புதல் தேவையென்று நம் அரசமைப்பு சொல்லவில்லை. வர்த்தக நிலைக்குழு ஆராயலாம், அறிக்கை தரலாம், அவ்வளவே. பேச்சுவார்த்தை முடியும் முன்பே அந்தக் குழுவின் முன் ஒரு தையல் தொழிலாளியும் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்காரரும் சாட்சி சொல்ல என்ன விதி வேண்டும்? முதல் அமர்வில் கட்டுரை வாசிப்பவர்கள் இதற்கு விடை தர வேண்டுமெனக் கேட்டு, மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.